கல்லறைக்குள் வைத்த கவிதைகள்

டான்டே கேப்ரியல் ரோசெட்டிக்கும் வில்லியம் மாரிஸுக்கும் இருந்த நட்பு ஏன் முறிந்தது என்று கேட்டால், "நண்பன் மனைவியைக் காதலித்தான், வேறென்ன?" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன். இந்தக் கதையில் இன்னொருவரும் இருக்கிறார். நட்பு முறிந்த காலத்தில் அவர் உயிரோடு இல்லை.

ரோசெட்டி லண்டன் ஓவியர், கவிஞர். மாரிஸ் அவரைவிட ஆறு வயது இளையவர். கட்டடக் கலை கற்றுக்கொண்டிருந்த மாரிஸ், ரோசெட்டியின் பேச்சைக் கேட்டு அதை விட்டுவிட்டுத் தூரிகை பிடித்தார். அவ்வளவு பக்தி. 1857இல் ஆக்ஸ்போர்டில் சுவரோவியம் தீட்டப் போன இடத்தில், குதிரைலாயத்தில் வேலை செய்தவரின் மகள் ஜேனைக் கண்டு, மாடலாக இருக்கும்படி கேட்டவர்களில் ரோசெட்டியும் ஒருவர். 1859இல் ஜேனை மணந்தவர் மாரிஸ்.

ரோசெட்டிக்கு அப்போதே எலிசபெத் சிடால் இருந்தார். மில்லேயின் 'ஒஃபீலியா' ஓவியத்துக்காகக் குளியல் தொட்டித் தண்ணீரில் மணிக்கணக்கில் படுத்துக் கிடந்தவர் அவர்தான். தானே ஓவியர், கவிதையும் எழுதுவார். ஏறக்குறைய பத்து வருடம் காக்க வைத்து 1860இல்தான் ரோசெட்டி அவரை மணந்தார். அடுத்த வருடம் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. 1862 பிப்ரவரியில், அபினும் சாராயமும் கலந்த லாடனம் என்ற மருந்து அளவு மீறியதில் எலிசபெத் இறந்தார். வயது 32.

ரோசெட்டி தன் கவிதைக் கையெழுத்துப் பிரதியைச் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டார். அவள் நோயில் கிடந்த நேரத்தில் நான் எழுதிக்கொண்டிருந்தேனே என்ற குற்ற உணர்வு. பார்ப்பவர்களுக்கு இது பெரிய தியாகம். என் கண்ணுக்கு, துக்கத்தை ஒரே நாளில் கொடுத்துத் தீர்த்துவிடப் பார்த்த அவசரமாகத்தான் படுகிறது. கடன் அப்படித் தீரவில்லை. 1869 அக்டோபரில், ஒரு இரவில், ஹைகேட் கல்லறையைத் தோண்டி அந்தப் பிரதியை எடுத்தார்கள். ரோசெட்டி அங்கே போகவில்லை, நண்பர்களை அனுப்பினார். 1870இல் புத்தகம் வந்தது. மண்ணுக்குள்ளிருந்து மீட்ட கவிதைகளோடு, ஜேனை நினைத்து எழுதிய புதிய கவிதைகளும் அதே அட்டைக்குள் இருந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இறந்த மனைவியின் முகத்தில் 'பியாட்டா பியாட்ரிக்ஸ்' தீட்டி முடித்ததும், ஜேனின் முகத்தைத் திரும்பத் திரும்ப வரையத் தொடங்கியதும் ஒரே காலம். ஒரு முகத்தை இழந்தவர் இன்னொரு முகத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். காதல் இல்லை என்று சொல்லவில்லை, இருந்தது. ஆனால் அதற்கு அடியில் அழுது முடிக்காத ஒரு சாவு கிடந்தது.

1871இல் கெல்ம்ஸ்காட் என்ற கிராமத்துப் பழைய வீட்டை நண்பர்கள் இருவரும் சேர்ந்தே வாடகைக்கு எடுத்தார்கள். மனைவி, இரண்டு மகள்கள், நண்பன் எல்லாரையும் அங்கே விட்டுவிட்டு மாரிஸ் ஐஸ்லாந்துக்குப் பயணம் போனார். கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விவாகரத்து என்றால் நீதிமன்றம், பத்திரிகைகளில் அவமானம்; தாய் பிள்ளைகளை இழக்கவும் நேரும். அதையெல்லாம் ஜேன்மேல் சுமத்த அவர் விரும்பவில்லை. அது பெருந்தன்மைதான். ஆனால் நண்பனிடம் நேருக்கு நேர் பேச வேண்டியதை அவர் வருடக்கணக்கில் பேசாமல் விட்டார். அந்த மௌனம் ரோசெட்டிக்கும் நல்லது செய்யவில்லை.

தூக்கம் வராமல் ரோசெட்டி குளோரல் என்ற தூக்க மருந்தையும் விஸ்கியையும் சேர்த்துக் குடித்தார். அவர் கவிதைகளை ஆபாசம் என்று ஒரு விமர்சகர் தாக்கியதும் 1872இல் மனம் உடைந்தது. இல்லாத குரல்கள் கேட்டன, எல்லாரும் சதி செய்வதாகத் தோன்றியது. மனம் தேற வந்த இடமும் கெல்ம்ஸ்காட்தான். போகும் எண்ணமே இல்லாதவர்போல அங்கே தங்கிவிட்டார் என்று மாரிஸ் ஒரு தோழிக்கு வருந்தி எழுதினார். 1874இல்தான் ரோசெட்டி அந்த வீட்டை விட்டுப் போனார். மறு வருடம் இருவரும் பங்காளிகளாக இருந்த நிறுவனத்தைக் கலைத்து மாரிஸ் தன் பெயரில் நடத்தத் தொடங்கியபோது, மூன்று பங்காளிகள் ஒன்றும் வேண்டாம் என்றார்கள். மற்ற மூன்று பேர் ஆளுக்கு 1,000 பவுண்டு வாங்கிக்கொண்டு விலகினார்கள். அந்த மூவரில் ரோசெட்டியும் ஒருவர்.

ஜேன் பல வருடம் கழித்து, கவிஞர் பிளன்ட்டிடம் மனம் திறந்தார். குளோரலால் ரோசெட்டி தன்னையே அழித்துக்கொள்வதைத் தடுக்க முடியவில்லை, பிள்ளைகளையும் நினைத்தேன், அதனால் போவதை நிறுத்தினேன் என்பது அவர் சொன்னதன் சாரம். ரோசெட்டி, மாரிஸ், ஜேன் மூவரில் நிலைமையை உள்ளபடி பார்த்து முடிவெடுத்தவர் அவர்தான். இரண்டு நண்பர்களைப் பிரித்தவள் என்று இனியும் அவரை எழுதாதீர்கள்.