எஸ்.எம்.பி.எஸ்.: யாரும் விலை கேட்காத பெட்டி

புதுவையில் வில்லியனூரிலோ பாகூரிலோ கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறார்கள் என்றால் பேச்சு எப்படிப் போகும் என்பது கடைக்காரருக்கு மனப்பாடம். ப்ராசஸர் எந்தத் தலைமுறை, ராம் எட்டா பதினாறா, எஸ்.எஸ்.டி. எத்தனை ஜி.பி., கிராபிக்ஸ் கார்டு உண்டா இல்லையா. கடைசியில் பட்ஜெட் கொஞ்சம் இடிக்கும். "அண்ணே, கேபினட்டோட வர்ற எஸ்.எம்.பி.எஸ்ஸே போதும்ணே" என்று அங்கே வெட்டிவிடுவார்கள். அசெம்பிள் செய்வதில் நடக்கும் தவறுகளிலேயே அதிகம் பணம் தின்பது இந்த வெட்டுதான் என்பது என் கட்சி. ராம் கெட்டால் ராம் மட்டும்தான் கெடும். எஸ்.எம்.பி.எஸ். கெட்டால் கூட இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும்.

கேபினட்டின் பின்பக்கம் விசிறியோடும் மூன்று முனை சாக்கெட்டோடும் தெரியும் இரும்புப் பெட்டிதான் அது. சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் ஏ.சி. மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் வேண்டியது 12, 5, 3.3 வோல்ட் டி.சி. பழைய எலிமினேட்டர்களில் இந்த வேலையைக் கனத்த இரும்பு டிரான்ஸ்பார்மர் செய்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைக் கையாள அவ்வளவு இரும்பு தேவை. எஸ்.எம்.பி.எஸ். வேறு வழியில் போகிறது. வந்த ஏ.சி.யை முதலில் அப்படியே டி.சி. ஆக்கிவிடும், அப்போது அது ஏறத்தாழ 325 வோல்ட் இருக்கும். அதை ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேக்கிவைத்து, டிரான்சிஸ்டர்களால் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடும். இத்தனை வேகமாக வெட்டிய மின்சாரத்தை இறக்கச் சின்ன ஃபெரைட் டிரான்ஸ்பார்மரே போதும். பெட்டி சிறுத்தது இப்படித்தான். 1977-இல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் இந்த வகை சப்ளையைத்தான் வடிவமைத்தார். இன்று நாம் வாங்கும் பெட்டிகளின் அளவும் இணைப்புகளும் 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வரையறையின் வழியில் வந்தவை.

வெளியே போகும் வோல்டேஜை ஒரு சர்க்யூட் எப்போதும் கவனித்தபடி இருக்கும். குறைந்தால் வெட்டும் அளவைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். 12 வோல்ட் என்றால் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது விதி. அந்தக் கட்டுப்பாடு தவறி 12 வோல்ட் கன்னாபின்னாவென்று ஏறினால் பெட்டியையே அணைத்துவிடும் காவல் சர்க்யூட் நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸில் உண்டு. கேபினட்டோடு வரும் இலவசப் பெட்டிகளில் விலை குறைவது இப்படிப்பட்ட பாகங்களை விட்டுவிடுவதால்தான். அப்படி ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மின்சாரம் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்டும் காயில் இருக்க வேண்டிய இடம் போர்டில் அச்சிட்டிருக்கும், காயில் இருக்காது. இரண்டு கம்பித்துண்டுகளை வளைத்து அங்கே பற்றவைத்திருப்பார்கள்.

பெட்டியின் மேல் 450 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒட்டிய லேபிளில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். அங்கே 14 ஆம்பியர் என்றிருந்தால், பன்னிரண்டைப் பதினான்கால் பெருக்கினால் 168 வாட். இன்றைய ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்தே எடுப்பதால் அந்தப் பெட்டியின் உண்மையான தெம்பு அவ்வளவுதான். மதர்போர்டு ஸ்லாட் வழியாக மட்டும் ஒரு கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். எட்டு முனை கேபிள் வைத்த கார்டு அதற்கு மேல் இன்னும் 150 வரை இழுக்கலாம். பழைய கம்ப்யூட்டரில் கார்டை மட்டும் சேர்ப்பவர்கள் இந்தக் கூட்டலைப் போடுவதில்லை. கேம் திறந்ததும் ரீஸ்டார்ட் ஆகும். கார்டுதான் டூப்ளிகேட் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் திரும்ப பஸ் ஏறுவார்கள்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்களில் சிவப்பு நிறத்தில் 115/230 என்று ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். 115-க்குத் தள்ளினால் உள்ளே வோல்டேஜை இரட்டிப்பாக்கும் அமைப்பு இணையும். அது அமெரிக்கா போன்ற நாடுகளுக்கானது. நம் 230-இல் அதைத் தள்ளி ஆன் செய்தால், 200 வோல்ட் மட்டும் தாங்கும் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் மீதும் 325 வோல்ட் ஏறும். பட்டாசுச் சத்தம், பிறகு மீன் கருகியது போல ஒரு நாற்றம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டிவைப்பது நல்லது.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் புதுவைக் கொம்யூன்களில் கூடுதலாகப் பயப்பட வேண்டிய ஒரு ஆபத்து உண்டு: நியூட்ரல் கட். தெருக்கம்பத்தில் மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபேஸும் நியூட்ரலும் வருகிறது. தென்னை மட்டை விழுந்தோ துருப்பிடித்தோ நியூட்ரல் அறுந்தால், உங்கள் வீடும் வேறு ஃபேஸில் இருக்கும் எதிர்வீடும் தொடராக இணைந்துவிடும். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே உள்ள 400 வோல்ட்டை இரு வீடுகளும் பங்கிட்டுக்கொள்ளும், அதுவும் சமமாக இல்லை. மோட்டாரும் அயர்ன்பாக்ஸும் ஓடும் வீட்டுக்குக் கொஞ்சம், ஒரு விளக்கும் கம்ப்யூட்டரும் மட்டும் ஓடும் வீட்டுக்கு மீதி எல்லாம். விளக்கு திடீரென்று பளீரென்று எரிந்து, ஃபேன் வேகம் பிடித்தால் யோசிக்கவே வேண்டாம், மெயினை இறக்குங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று புயல் கரையேறும் கடலோரம் இது. கம்பி அறுந்து சேர்த்த பிறகு முதலில் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் தொட்டால் போதும். அதற்குப் பத்து நிமிஷம் பொறுத்தவர்கள் நஷ்டப்பட்டதில்லை.

லோ வோல்டேஜைக் கண்டு மட்டும் இவ்வளவு பயப்பட வேண்டாம். வயல் மோட்டார்கள் ஓடும்போது 160-க்கு இறங்கினாலும், லேபிளில் 100–240 என்று போட்ட பெட்டி சமாளித்துவிடும். சுவரிலிருந்து ஏறத்தாழ 44 சதவீதம் கூடுதல் ஆம்பியர் இழுத்து ஈடுகட்டும். அப்படிப்பட்ட பெட்டிக்கு முன்னால் ஸ்டெபிலைசர் வாங்கி வைப்பது வீண்செலவு. அந்தக் காசை எர்த்திங்கில் போடலாம். எர்த் இல்லாத வீட்டில் கேபினட்டின் இரும்பில் கைபட்டால் சுர்ரென்று இருக்குமே, அது உங்கள் பிரமை இல்லை. உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் கசிவை எர்த்துக்கு அனுப்பும்படி அமைந்தவை. எர்த் கிடைக்காதபோது மெயின்ஸில் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினட்டில் வந்து நிற்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த நிலையில் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகினால் போர்ட்டைக் கொல்லலாம். கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கிய எர்த் குழிக்குக் கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது பாட்டி வைத்தியம் இல்லை; ஈரம் இருந்தால்தான் மண் மின்சாரத்தை வாங்கும்.

மின்சாரத்தை முதலில் கணக்கில் எடுத்த ஒரு முயற்சி இந்த மண்ணிலேயே நடந்திருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதியுதவியோடு 1998-இல் புதுவைக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் மையக் கூடம். ஏம்பலம், வீராம்பட்டினம், கீழூர் எல்லாம் கிளைகள். கரண்டும் டெலிபோனும் நம்பும்படி இல்லாத காலம். கம்ப்யூட்டரைத் துணைக்கு ஆளில்லாமல் அனுப்பவில்லை: மெயின்ஸோடு சோலார் பேனலையும் சேர்த்தார்கள், செய்தி அனுப்ப வி.எச்.எஃப். ரேடியோவை வைத்தார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலை உயரம் லவுட்ஸ்பீக்கரில் ஒலித்தது அப்படித்தான். 2001-இல் அந்தத் திட்டம் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது வாங்கியது. விருதைப் பற்றி நிறைய எழுதினார்கள். அந்தப் பேனல்களைப் பற்றி எழுதியது குறைவு.

இன்வெர்ட்டர் இருக்கிறதே, பிறகென்ன என்பார்கள். கரண்ட் போனதும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் பெரிய கெப்பாசிட்டர் முழு லோடில் 16, 17 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் நார்மல், யு.பி.எஸ். என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் விட்டால் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகலாம். ஃபேன் கவனிக்காது, கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஸ்விட்சைத் தள்ளினால் முடிந்தது, காசு செலவில்லை.

கேபிள் தவறு இந்த ஸ்விட்ச் தவறைவிடக் கொடியது. கழற்றி மாட்டும் கேபிள் வைத்த மாடுலர் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றும்போது, பழைய கேபிள்கள் ஒழுங்காகக் கட்டியிருக்கிறதே என்று அப்படியே விட்டுப் புதுப் பெட்டியில் செருகுவார்கள். செருகவும் செய்யும். டிஸ்க் பக்கத்து முனைதான் எல்லாக் கம்பெனிக்கும் பொது. பெட்டிப் பக்கத்து முனையில் எந்த ஓட்டையில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 போனால் ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே முடிந்தது. டிஸ்க் திரும்ப வாங்கலாம், அதில் இருந்த கல்யாண போட்டோக்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மற்ற தவறுகள் இந்த அளவுக்குப் போகாது. கூலரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தால் சூடு ஏறி அணையும், உரித்துக்கொள்ளலாம். டி.டி.ஆர்.4 ராம் டி.டி.ஆர்.3 ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. ப்ராசஸர் சாக்கெட்டின் முனைகளை வளைத்தால்தான் மதர்போர்டுக்கே மொய் எழுத வேண்டியிருக்கும்.

செத்துப்போன எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தானே திறந்து ஃபியூஸ் மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. ஃபியூஸ் சும்மா போவதில்லை. உள்ளே ஏதோ ஷார்ட் ஆனதால்தான் போனது. தவிர, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் சில நேரம் 300 வோல்ட் மிச்சம் நிற்கும். அனுபவமுள்ள மெக்கானிக் நேரடியாகக் கரண்ட் கொடுக்க மாட்டார். நூறு வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்துத்தான் கொடுப்பார். பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் போகவில்லை. ஒருமுறை மின்னி மங்கினால் கெப்பாசிட்டர் நிறைந்து அடங்கியது, பெட்டி பிழைத்தது. பிழைத்த பெட்டியைப் பழைய கம்ப்யூட்டரில் ஓட்டிக்கொள்ளுங்கள். புதுக் கார்டு வாங்கிய கம்ப்யூட்டருக்குப் புதுப் பெட்டிதான், அதுவும் பில்லோடும் வாரண்டியோடும்.