நிழற்படக் கலைஞரின் கணிப்பொறி

திருமணம் முடிந்து இரு திங்கள் கழிந்தபின் ஆல்பம் மணவீட்டிற்கு வந்து சேர்கின்றது. மணமகள் உடுத்தியிருந்தது அரக்கு நிறக் காஞ்சிபுரப் பட்டு. ஆல்பத்திலோ அது செங்கல் நிறமாய்க் காணப்படுகின்றது. படம் பிடித்தவரின் திறமையில் குறைவில்லை; கேமராவிலும் பழுதில்லை. படத்தைத் திருத்தும்போது அவர்முன் இருந்த கணிப்பொறித் திரை நீலச் சாயல் மிகுந்தது. அந்நீலத்தைப் படத்தின் குற்றமெனக் கருதி அவர் மஞ்சளை ஏற்றினார். அச்சில் அம்மஞ்சளே எஞ்சி நின்றது. இனி அத்தாள்கள் யாவும் மீண்டும் அச்சிடப்படல் வேண்டும். சிற்றூரில் நிழற்பட நிலையம் நடத்துவோர்க்கு இவ்விழப்பு எளிதில் தாங்கக்கூடியதன்று.

முன்னாளில் இருட்டறை செய்த பணியை இன்று கணிப்பொறி செய்கின்றது. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் இருவர் ஆக்கிய போட்டோஷாப் என்னும் மென்பொருள் 1990-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர், படங்களை நேரே எண்களாகப் பதியும் கேமராக்களும் பெருகவே, இருட்டறைகள் மறையலாயின. இத்தொழிலுக்குரிய கணிப்பொறியைச் சிக்கனமாக வாங்க விழைவோர், உறுப்புகளைத் தனித்தனியே தெரிந்தெடுத்துப் பூட்டுவித்துக்கொள்வது வழக்கம். ஆயின், விளையாட்டுகளுக்காகக் கணிப்பொறி வாங்குவோர் பலர் கடைக்கு வருதலின், கடைக்காரரும் அவர்க்கேற்ற பட்டியலையே எடுத்து நீட்டுவதுண்டு. அப்பட்டியலில் செயலியும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பணத்தை விழுங்கிவிடும். மானிட்டருக்கு எஞ்சியதே கிடைக்கும். படம் திருத்துவோர் அதனைக் கீழிருந்து மேலாகப் படித்தல் நன்று.

திரையே முதற்கண் ஆராயத்தக்கது. ஏனைய உறுப்புகள் வலிகுன்றியிருப்பின் வேலை தாமதப்படும். திரை பிழைபடின் வேலையே பிழைபடும். மலிவான திரைகளுட் சில, தலையைச் சற்றே உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் நிறம் மாறித் தோன்றும் இயல்பின. 'ஐ.பி.எஸ்.' வகைத் திரைகளில் இக்குறை மிகச் சிறிது. அவ்வகையையே வாங்குதல் வேண்டும். 1996-ஆம் ஆண்டில் ஹியூலெட்-பேக்கார்டு, மைக்ரோசாப்ட் என்னும் இரு நிறுவனங்களும் 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்னும் நிற எல்லையை வகுத்தன. ஆல்பம் அச்சிடும் நிலையங்கள் பெரும்பாலும் அவ்வெல்லைக்கு உட்பட்ட படங்களையே ஏற்கின்றன. ஆதலின், அதனை முழுமையாகவோ ஏறத்தாழ முழுமையாகவோ காட்டவல்ல 24 அங்குலத் திரை ஒன்று போதும். அதனினும் அகன்ற எல்லை உடைய திரைகள் விலை மிக்கன. திருமண ஆல்பத்திற்கு அவை வேண்டுவதில்லை.

திரையை வாங்கியதோடு அமைதல் கூடாது. பல திரைகள் அளவுக்கு மிஞ்சிய ஒளியுடனேயே பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. அவ்வொளியில் திருத்திய படம் அச்சில் இருண்டுபோகும். திரையின் நிறத்தையும் ஒளியையும் அளந்து சீர்செய்யும் சிறு கருவி ஒன்று உண்டு. திங்களுக்கு ஒருமுறை பயன்படுத்தினாற் போதுமாதலின், அண்டையிலுள்ள மூன்று நான்கு நிலையத்தார் கூடி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். திரைக்கு எதிரே சன்னல் இருத்தலாகாது. சுவரிற் பூசிய அடர்ந்த பச்சை வண்ணமுங்கூடக் கண்ணை ஏமாற்றும்.

அடுத்து, 'ராம்' என வழங்கும் நினைவகம். எவ்வளவு வேண்டுமென்பதை எளிய கணக்கொன்றாலேயே அறியலாம். அகலத்தில் 6,000 புள்ளிகளும் உயரத்தில் 4,000 புள்ளிகளும் கொண்ட படத்தில் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். நுண்ணிய வேலையில் ஓர் எண்ணுக்கு 2 பைட் இடம். ஆகவே ஒரு படம் 144 மெகாபைட் இடத்தைக் கொள்ளும். முகத்திற்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று எனப் பத்து முழு அடுக்குகள் வைத்துத் திருத்தினால் அதுவே 1,440 மெகாபைட் ஆகின்றது. செய்தவற்றைத் திரும்பப் பெறுதற்கான பதிவுகளும் இதனோடு சேரும். நினைவகம் நிரம்பிவிடின், மென்பொருள் எஞ்சியதை வட்டில் எழுதிவைத்து மீண்டும் எடுக்கத் தொடங்கும். அப்போது சுட்டியை அசைத்துவிட்டுக் காத்திருக்க நேரும். இவ்வேலைக்கு 8 ஜிகாபைட் பற்றாது; 16 போதுமானது; 32 இனிது. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராமின் விலை விரைந்து ஏறிற்று. கைப்பொருள் குறைந்தவர்கள் 16 ஜிகாபைட் அளவுள்ள ஒரே துண்டை இப்போது வாங்கி, மதர்போர்டில் மற்றோர் இடத்தை வெறுமையாய் விட்டு வைக்கலாம். இரு துண்டுகள் இணைந்து இயங்கும் விரைவு அதற்கு இராதெனினும், அவ்வேற்றுமை இத்தொழிலில் பொறுக்கத்தக்கதே.

வட்டுகள் இருவகையாக வேண்டும். கணிப்பொறியின் இயக்கத்திற்கும் அன்றாட வேலைக்கும் 'எஸ்.எஸ்.டி.' ஒன்று, முடிந்த வேலைகளைச் சேர்த்து வைத்தற்குச் சுழலும் ஹார்டு டிஸ்க் ஒன்று. பின்னது நொடிக்கு 200 மெகாபைட் அளவில் படிக்குமாயின், மதர்போர்டிலேயே பொருந்தும் எஸ்.எஸ்.டி. அதனினும் பத்து மடங்கிற்கு மேல் விரைந்து படிக்கும். திருமணத்தை மறுமுறை நடத்திப் படம் பிடித்தல் இயலாது. ஆகையால், ஆல்பம் உரியவர் கையைச் சேரும்வரை படங்களின் மற்றொரு படி வேறோர் இல்லத்தில் இருத்தல் இன்றியமையாதது. அதற்கான மற்றொரு வட்டின் விலையையும் தொடக்கத்திலேயே கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

செயலியைப் பற்றி நெடிது கூற வேண்டுவதில்லை. ஆறு கருக்கள் உடைய நடுத்தரச் செயலி போதும். படம் காட்டும் பகுதி செயலிக்குள்ளேயே அமைந்திருந்தால் கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்குத் தவிர்க்கலாம். இன்டெல் செயலிகளுள் பெயரின் இறுதியில் 'எப்' என்னும் எழுத்து உடையவற்றில் அப்பகுதி இல்லை. சிறிது விலை குறைவென்று அதனை வாங்கியவர் கிராபிக்ஸ் கார்டுக்கும் பணம் கொடுக்க நேரும். இருளில் எடுத்த படத்தின் புள்ளிக்கறைகளைச் செயற்கை நுண்ணறிவால் நீக்கும் வசதி லைட்ரூம் என்னும் மென்பொருளில் 2023-ஆம் ஆண்டில் வந்தது. அவ்வேலை ஒன்றிற்கு மட்டும் கிராபிக்ஸ் கார்டு பெரிதும் உதவும். இரவு நிகழ்ச்சிகளை மிகுதியாகப் படம்பிடிப்போர் அதனைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் 'எஸ்.எம்.பி.எஸ்.' பெட்டி யார் கண்ணிலும் படுவதில்லை. அதனால், சிக்கனம் செய்யக் கருதுவோர் முதலில் அதிலேயே கை வைக்கின்றனர். தரமற்ற பெட்டி பழுதுறும்போது மதர்போர்டையும் வட்டுகளையும் உடன்கொண்டு போவதுண்டு. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களில் 'யு.பி.எஸ்.' கருவியும் வேண்டும். அது பத்து நிமிடம் தாங்கினாற் போதும். திருத்திக்கொண்டிருக்கும் படத்தைச் சேமித்துக் கணிப்பொறியை முறையாக நிறுத்தற்கு அவ்வளவு நேரமே தேவை.