உங்களுக்குத் தெரியுமா? வாதம் கழுத்துக்கும் ஏறும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் ரமணர் தம் கடைசி ஆண்டுகளில் முழங்கால் வாதத்தோடு கோலூன்றி நடந்தார். வாதம் என்றதும் இன்றும் நமக்கு முழங்காலும் விரல் மூட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் முடக்குவாதம் பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தால் மேல் கழுத்தையும் தாக்கலாம்.

தலையைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி, முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையே நடக்கிறது. அங்கே டிஸ்க் கிடையாது. இரண்டாம் எலும்பின் முளையை ஒரு நார்ப்பட்டை பிடித்து வைத்திருக்கிறது. மூட்டு அழற்சி அதை அரித்துத் தளர்த்தினால் முதல் எலும்பு முன்னே நழுவும். பின்னால் ஓடும் தண்டுவடம் நசுங்கலாம்.

பின்மண்டை வலி, குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வு, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறும் கை, மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் கால் பின்னுவது... நடந்த களைப்பென்று விட்டுவிடாதீர்கள். சிலருக்கு வலியே இருக்காது. எனக்கு அதுதான் பெரிய கவலை. முடக்குவாதம் உள்ளவர்கள் சலூனில் கழுத்தைச் சொடுக்க விடவே கூடாது. எந்த ஆபரேஷனுக்கும் முன்பு மயக்க மருந்து டாக்டரிடம் நோயைச் சொல்லுங்கள். மூச்சுக்குழலுக்குள் குழாய் செருகக் கழுத்தை வளைப்பார்கள். குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயில் நழுவல் தெரியும். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைத் தொடக்கத்திலேயே கொடுப்பதால் இந்தச் சேதம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது.