ஷவர் துளையை அடைக்கும் சுண்ணாம்பு

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ மேல்விஷாரத்திலோ, போர் தண்ணீரில் குளிக்கிற வீடுகளில் ஷவரை நிமிர்ந்து பார்த்தால் துளைகளைச் சுற்றி வெள்ளைப் படிவு தெரியும். சில துளைகள் முழுக்க அடைபட்டிருக்கும். சிலவற்றிலிருந்து தண்ணீர் நேராக விழாமல் சுவரைப் பார்த்துப் பீய்ச்சும். 'உப்பு பிடிச்சிருக்கு' என்போம். சமையல் உப்பாக இருந்தால் அடுத்த குளியலிலேயே கரைந்து போயிருக்கும். இது கரையாது. சுண்ணாம்புக்கல், முட்டை ஓடு, சிப்பி எல்லாம் எதனால் ஆனவையோ அந்தக் கால்சியம் கார்பனேட்தான் பெரும்பாலும் இது.

கரையாத கல் தண்ணீரோடு எப்படி வந்தது? மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையிலும் சுக்கான் கல்லிலும் உள்ள கால்சியத்தைப் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துக்கொள்கிறது. வாயு உள்ளே இருக்கும்வரை கல் கரைசலாகவே இருக்கும். மோட்டார் தண்ணீரை மேலே இழுத்ததும் வாயு மெல்லத் தப்புகிறது. கீஸரில் சூடேறினால் இன்னும் வேகமாகத் தப்புகிறது. குளித்து முடித்துக் குழாயை மூடிய பிறகும் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். அது காயும்போது கால்சியம் மறுபடியும் கல்லாகிறது. ஒவ்வொரு குளியலுக்கும் ஒரு படலம் கூடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்திய தர நிர்ணய அமைவனம் குடிநீரின் கடினத்தன்மைக்கு (கால்சியம் கார்பனேட் கணக்கில்) விதித்த ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீருக்கு வழியில்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது. நடுவில் 400 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 50 லிட்டரில் குளித்தால் 20 கிராம் சுண்ணாம்பு அவர் தலைமீது ஓடுகிறது. ஆண்டுக்கு 7 கிலோவுக்கு மேல். ஏறக்குறைய எல்லாமே சாக்கடைக்குப் போய்விடுகிறது. தங்கிப்போகும் துளியளவே துளையை அடைக்கப் போதும். துளையின் விட்டம் பாதியானால் அதன் பரப்பு கால் பங்காகிவிடும். தண்ணீர் வரத்தும் அந்த விகிதத்தில் விழும். மாடித் தொட்டியை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளில் அழுத்தம் ஏற்கெனவே குறைவு. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீருக்கு வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. அதனால்தான் நம் வீட்டு ஷவர் இவ்வளவு சீக்கிரம் சோர்ந்துபோகிறது.

இந்த வட்டாரத்தில் சுண்ணாம்பை நீக்கும் வித்தையைத் தொழிலாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தோல் பதனிடும் ஆலையான டேனரிக்கு வரும் தோலை முதலில் ஊறவைத்து, பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் போடுவார்கள். முடி கழன்று வரும். தோலின் நார்கள் உப்பி இளகும். அதற்குப் பிறகு சுண்ணாம்பு முழுக்க வெளியேறியாக வேண்டும். சுண்ணாம்பு ஏறிய தோலைக் காற்றில் போட்டுவைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதில் சேர்ந்து, தோலின் முகத்தில் கால்சியம் கார்பனேட் திட்டுகள் உருவாகும். அந்த இடம் சொரசொரப்பாகும். சாயமும் சீராகப் பிடிக்காது. ஷவரில் வாயு வெளியேறுவதால் வரும் கல், தோலில் வாயு நுழைவதால் வருகிறது. அதை நீக்க டேனரியில் கடும் அமிலத்தை அப்படியே ஊற்றுவதில்லை. தோலைக் கெடுக்காமல் சுண்ணாம்பை மட்டும் இழுக்கும் அம்மோனியம் உப்புகளையோ மென்மையான அமிலங்களையோ பயன்படுத்துகிறார்கள். வீட்டுக்கும் அந்த விதிதான் பொருந்தும்: கல்லைக் கரைப்பது, கல் ஒட்டியிருக்கும் பொருளைக் கெடுக்கக் கூடாது.

அந்தப் பொருள் என்ன? ஷவரின் பளபளப்பு குரோமியம். பித்தளையோ பிளாஸ்டிக்கோ, அதன்மேல் நிக்கல், அதற்கும் மேல் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனில் குரோமியம். பாத்ரூம் கழுவ வாங்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பை நொடியில் கரைக்கும், குரோமியத்தையும் அரிக்கும். ஒருமுறை பூச்சு போனால் அடுத்த படிவு இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

புளி போட்டுத் தேய்க்கலாமே என்று தோன்றும். பித்தளைக் குடத்துக்குப் புளி அருமையான மருந்து. சுண்ணாம்புக்கு அப்படியில்லை: புளியின் டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து, எளிதில் கரையாத இன்னொரு வெள்ளைப் பொருளாகிவிடும். வினிகரின் அசிட்டிக் அமிலத்தோடு சேரும் கால்சியமோ தண்ணீரில் நன்றாகக் கரைந்து ஓடிவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை வினிகரே போதும்.

ஷவரைச் சுற்றித் துணி சுற்றி, ஸ்பேனரால் கழற்றுங்கள். கழுத்தில் இருக்கும் சிறிய வலையை எடுத்து மணலையும் துருவையும் தட்டுங்கள். வரத்துக் குறைவுக்குப் பல வீடுகளில் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஷவரை முக்கி வையுங்கள். குமிழி கிளம்பும். நிலத்தடியில் கல்லைக் கரைத்த அதே கார்பன் டை ஆக்சைடுதான் அது. அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ரப்பர் மூக்குள்ள ஷவர் என்றால் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாலே உதிரும். ஊசியோ ஆணியோ வேண்டாம். துளை கீறினால் நீர் கோணலாகவே விழும். மாட்டுவதற்கு முன் குழாயைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டு, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, கையாலேயே இறுக்குங்கள். வினிகரோடு ப்ளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

படிவை நீக்குவதில் அழகைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. சொரசொரப்பான சுண்ணாம்பு நுண்ணுயிர்களுக்கு நல்ல இருப்பிடம். 2009இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நார்மன் பேஸ் குழுவினர் 9 நகரங்களில் 45 ஷவர்களைச் சோதித்தார்கள். நுரையீரலைத் தாக்கக்கூடிய ஒரு வகை மைக்கோபாக்டீரியா, வரும் நீரில் இருப்பதைவிட நூறு மடங்குக்கு மேல் ஷவர்களில் திரண்டிருந்தது. நலமாக இருப்பவர்கள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சிகிச்சைக்காக எங்கெங்கிருந்தோ வந்து வேலூரில் அறையெடுத்துத் தங்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், நாட்கணக்கில் திறக்காத ஷவரை ஒரு நிமிடம் ஓடவிட்டு, சற்று விலகி நின்ற பிறகு குளிப்பது நல்லது.

துளையைக் கழுவிவிடலாம். துளைக்கு வந்த நீரை என்ன செய்வது? அது இவ்வளவு கடினமானதில் டேனரிகளுக்கும் பங்குண்டு. தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வரும். முதல் ஊறலில் அந்த உப்பு தண்ணீரில் இறங்கும். பல ஆண்டுகள் அந்தத் தண்ணீர் பாலாற்று மணலிலும் ஏரிகளிலும் நிலங்களிலும் பாய்ந்தது. களிமண் துகள்கள் கால்சியத்தைத் தங்கள்மேல் பிடித்து வைத்திருக்கும். சோடியம் மிகுந்த நீர் வந்தால் சோடியத்தை வாங்கிக்கொண்டு கால்சியத்தை விட்டுவிடும். வீட்டு வாட்டர் சாஃப்ட்னரில் மணிகள் கால்சியத்தால் நிறைந்ததும் உப்பு நீர் விட்டு அதை வெளியேற்றுகிறோமே, அதேதான் மண்ணுக்குள்ளும் நடக்கிறது. உப்பு சேரச் சேர நிலத்தடி நீர் உவர்ப்பாவதோடு கடினமாகவும் ஆகிறது. சாஃப்ட்னர் கழுவிய நீரை மண்ணில் விடும் வீடுகளும் இதில் ஒரு பங்கு சேர்க்கின்றன.

குரோமியத்துக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பதப்படுத்திய தோலை இருபதாம் நூற்றாண்டில் குரோமியம் சல்பேட் எடுத்துக்கொண்டது. குரோமிய உப்புகள் தயாரித்து மூடப்பட்ட ஓர் ஆலை ராணிப்பேட்டையில் விட்டுச்சென்ற நச்சுக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல்.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதன் விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. 2025 ஜனவரியில், அதாவது 28 ஆண்டுகள் கழித்தும், பாலாற்று மாசுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

கல்லைக் கரைக்க வினிகர் இருக்கிறது. மண்ணில் ஏறிய உப்பை வெளியேற்றப் பெரும்பாலும் மழையைத்தான் நம்ப வேண்டும். புது உப்பு சேர்வது நின்றால்தான் மழையும் தன் வேலையைச் செய்ய முடியும். நின்றதா என்பதை அரசு அறிக்கைக்குக் காத்திராமல் ஒவ்வொரு தெருவும் தானே அறியலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் போர் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்து, கடினத்தன்மை, குளோரைடு, கரைந்த மொத்த உப்பு மூன்றையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு கோடையிலும் மழைக்குப் பிறகும் மீண்டும் சோதியுங்கள். நீதிமன்றத்தில் எடுபடுவது புகாரைவிட எண்தான்; அந்த எண் ஊர் மக்கள் கையில் இருக்க வேண்டும்.