உருண்டை, கோல், சுருள்: பாக்டீரியா பாடத்தை வீட்டில் சொல்லிக் கொடுக்க

வெளிமாநிலத்தில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ படிக்கும் நம் பிள்ளைகள் பாக்டீரியா பாடத்தை மனப்பாடம்தான் செய்கிறார்கள். காக்கஸ், பேசில்லஸ், ஸ்பைரில்லம், விப்ரியோ என்று நாலு பெயர், ஒரு படம்; பரீட்சை முடிந்தால் எல்லாம் போச்சு. வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள், சுலபமாகப் பிடிபடும்.

காக்கஸ் என்றால் உருண்டை, பேசில்லஸ், கோல், ஸ்பைரில்லம், சுருள், விப்ரியோ, கமா மாதிரி வளைந்தது. 1884-இல் கல்கத்தாவில் காலராவை ஆராய்ந்த ராபர்ட் காக், அந்தக் கிருமியைக் கமாவுக்குத்தான் ஒப்பிட்டார். உருண்டைகள் திராட்சைக் கொத்துப் போல் சேர்ந்திருந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ். மணிமாலையாகக் கோத்திருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பெயருக்குள்ளேயே படம் இருக்கிறது.

உதாரணத்துக்கு அடுப்படிக்கே போகலாம். இட்லி மாவு பொங்குவதில் பெரும்பங்கு லியூகோநாஸ்டாக் என்ற உருண்டை வகைக்கு. தயிரிலோ உருண்டைச் சங்கிலிகளோடு லாக்டோபேசில்லஸ் என்ற கோல்களும் உண்டு. தயிர்த் தெளிவில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி, உலர்த்தி, லேசாகச் சூடு காட்டி, மெதிலீன் நீலம் ஊற்றிக் கழுவினால், 1000 மடங்கு பெரிதாக்கும் மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பார்த்துவிடலாம். பள்ளி ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டரில் சுமார் 1000 உருண்டைகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறிசு!

இனி உள்ளமைப்பு. நம் செல்லைப் போல் தனி உட்கரு இதற்குக் கிடையாது, டி.என்.ஏ. பெரும்பாலும் ஒரு வளையமாக உள்ளேயே சுருண்டு கிடக்கும். புரதம் செய்ய ரைபோசோம்கள். சுற்றிலும் மெல்லிய சவ்வு, அதற்கு வெளியே சுவர். சிலதுக்கு நீந்த வாலும் உண்டு.

இந்தச் சுவரிடம்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். சைக்கிள் டியூபையும் டயரையும் நினைத்துக்கொள்ளுங்கள். சவ்வு டியூப், சுவர் டயர். உள்ளே அழுத்தம் அதிகம். டயர் இல்லாவிட்டால் டியூப் உப்பி வெடித்துவிடும் இல்லையா? கோல் வடிவப் பாக்டீரியாவின் சுவரை நொதியால் கரைத்துச் சர்க்கரைக் கரைசலில் வைத்தால் அது உருண்டையாகிவிடுகிறது. வெறும் தண்ணீரில் வைத்தால் வெடிக்கிறது. ஆக, வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பது சுவர்.

1884-இல் கிராம் கண்ட சாயமுறையும் இதையொட்டியதே: தடித்த சுவர் ஊதாச் சாயத்தை விடாது, மெல்லிய சுவர் விட்டுவிடும்.

1928-இல் ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலின், வளர்கிற பாக்டீரியா தன் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. அது வெடித்துச் சாகிறது. நம் செல்லுக்குச் சுவரே இல்லை, அதனால் நமக்கு அந்த வகையில் கெடுதல் இல்லை. ஜலதோஷம் தரும் வைரஸுக்கும் சுவர் கிடையாது, சொந்த ரைபோசோமும் கிடையாது. போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக் மாத்திரையைச் சளிக்கு எடுத்துக் கொடுக்கும் அம்மாவிடம், "இது எதைத் தாக்கும்மா?" என்று பிள்ளை கேட்கட்டுமே!

கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளைக்கு இன்னொரு கேள்வி: மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாதான், ஆனால் அதற்குச் சுவரே இல்லை. அது நிமோனியா உண்டாக்கினால் டாக்டர் ஏன் பெனிசிலின் எழுதாமல் ரைபோசோமைத் தாக்கும் வேறு மருந்தை எழுதுகிறார்?