வீட்டுக்குள் ஒரு பவளப்பாறை... சோடா உப்பு, சுண்ணாம்பு நீர், நிறையப் பொறுமை!

சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், ஹாலில் நீல வெளிச்சம். அக்கா மகன் தரையில் உட்கார்ந்து, ஒரு சின்னக் குப்பியில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"என்னடா, யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல சித்தி. தண்ணிக்கு டெஸ்ட். ரெண்டு வாரம் ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போயிருந்தேன்ல... மருந்து பாட்டில் காலியானதை யாரும் கவனிக்கல. காரத்தன்மை இறங்கிடுச்சு."

அவனுக்குப் பின்னால் 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி. உள்ளே மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட ஊதாப் பவளம், காளான் மாதிரி விரிந்த பவளம், நடுவில் இரண்டு கோமாளி மீன்கள். வழக்கமாகப் பூ மாதிரி விரிந்திருக்கும் பவளங்கள் அன்று சுருங்கிக் கிடந்தன.

"அதுக்கென்ன, மருந்தை ஊத்திடேன்" என்றேன். சிரித்தான். "போன வருஷம் அதைத்தான் செஞ்சேன். ஒரே ராத்திரியில சரி பண்றேன்னு மொத்தமா ஊத்தினேன். மூணாவது நாள் கிளை நுனியெல்லாம் வெள்ளையாயிடுச்சு. நாலு வருஷம் வளர்த்தது, ஒரு வாரத்துல போயிடுச்சு. இனிமே ஒரு நாளைக்கு ஒரு புள்ளிதான் ஏத்துவேன்."

வீட்டில் கடல் வளர்ப்பது என்றால் மீனுக்குத் தீனி போடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அங்கே வளர்ப்பது தண்ணீரை. அடுத்த பத்து நாட்களும் அவன்தான் எனக்கு வாத்தியார்.

பவளம் என்ன சாப்பிடுகிறது?

பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை. அது விலங்கு. ஆயிரக்கணக்கான குட்டி உயிர்கள் கூட்டுக்குடும்பமாக வாழும் காலனி. அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பதிலுக்குப் பவளம் பாசிக்கு வீடு கொடுக்கிறது. அதனால்தான் தொட்டிக்கு அவ்வளவு பளீர் விளக்கு.

அந்த வீட்டைக் கட்ட சிமென்ட் வேண்டுமே? கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துப் பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுகிறது. அந்தக் கட்டுமானப் பொருள், நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல் எந்தப் பொருளால் ஆனதோ அதே கால்சியம் கார்பனேட்தான்.

கடலில் இது எத்தனை எடுத்தாலும் குறையாது. 200 லிட்டர் தொட்டியில் தினமும் குறையும். எவ்வளவு குறைந்ததோ அதே அளவு திருப்பிப் போட வேண்டும். வரவு செலவுக் கணக்கு மாதிரிதான்.

மூவர் கூட்டணி

இந்தக் கணக்கில் மூன்று பெயர்கள் முக்கியம்: காரத்தன்மை, கால்சியம், மெக்னீசியம்.

காரத்தன்மை என்பது, பவளம் எடுத்துக்கொள்ளக் கூடிய கார்பனேட், பைகார்பனேட் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் அளவு. தொட்டிக்காரர்கள் இதை டி.கே.ஹெச் என்ற அலகில் சொல்வார்கள். கடல்நீரில் சுமார் 7. தொட்டியில் 7 முதல் 10 வரை வைத்துக்கொள்வார்கள். மூன்றிலும் சீக்கிரம் இறங்குவதும், இறங்கினால் உடனே பவளத்தின் முகத்தில் தெரிவதும் இதுதான். அன்றிரவு அவன் தொட்டியில் இருந்தது ஐந்தரை.

இதை ஏற்றும் மருந்து என்ன தெரியுமா? சோடியம் பைகார்பனேட். நம் சமையலறை ஆப்ப சோடாதான்! 200 லிட்டர் தண்ணீரில் ஒரு புள்ளி ஏற்ற சுமார் 6 கிராம் போதும். சமையலறைத் தராசில் நிறுத்து, தனியாகத் தண்ணீரில் கரைத்து, ஓட்டம் உள்ள இடத்தில் மெதுவாக விட்டான்.

கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். காரத்தன்மை 2.8 புள்ளி செலவானால், கால்சியம் சுமார் 20 மில்லிகிராம் செலவாகும். இரண்டும் ஜோடியாகத்தான் குறையும் என்பதால் இரண்டையும் ஜோடியாகத்தான் ஈடுகட்ட வேண்டும். ஆனால், இரண்டு கரைசலையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றினால் அங்கேயே சேர்ந்து வெள்ளைத் தூளாகப் படிந்துவிடும். பவளத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

அப்படியானால் கடலில் ஏன் இவை சேர்ந்து படிவதில்லை? அங்கேதான் மெக்னீசியம் வருகிறது. சுண்ணாம்புப் படிகம் உருவாக ஆரம்பிக்கும்போதே இடையில் நுழைந்து, அதை வளரவிடாமல் தடுக்கிறது. இது லிட்டருக்கு 1,250 முதல் 1,350 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். கால்சியத்தை எவ்வளவு ஊற்றினாலும் ஏறவில்லை என்று புலம்புகிறவர்கள், முதலில் மெக்னீசியத்தைப் பார்ப்பது நல்லது.

சுண்ணாம்புத் தண்ணீர் வைத்தியம்

சின்னத் தொட்டிகளில் கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஒன்றாகத் தர ஒரு பழைய வழி இருக்கிறது. அதுதான் தெளிந்த சுண்ணாம்பு நீர். பீட்டர் வில்கென்ஸ் என்ற ஐரோப்பிய ஆர்வலர் 1970-களில் இதைப் பரப்பினார். ஜெர்மன் மொழியில் இதற்குக் கால்க்வாசர் என்று பெயர். அர்த்தம்? சுண்ணாம்புத் தண்ணீரேதான்!

பள்ளியில் செய்த சோதனை ஞாபகம் இருக்கிறதா? தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால் பால் மாதிரி மாறும். நம் மூச்சிலுள்ள கரியமில வாயு அதோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதனால்தான் சுண்ணாம்பு நீர்ப் பாத்திரத்தை மூடியே வைக்கிறார்கள்.

இதை ராத்திரியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கடும் காரம் என்பதால் மொத்தமாக ஊற்றினால் மீன் செத்துவிடும். நம் கண்ணில் பட்டாலும் ஆபத்து. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு இதற்கு ஆகாது. அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடுதான் வேண்டும்.

உப்பளத்துப் பாடம்

தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு அங்கேயேதான் இருக்கும். தொட்டியிலும் அதே கதை. மட்டம் இறங்கியதென்று உப்புத் தண்ணீரை ஊற்றினால், நாளுக்கு நாள் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியானதை ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

அதுவும் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ கூடாது. ஆர்.ஓ செய்து, மிச்சமிருக்கும் உப்புகளையும் நீக்கிய தண்ணீர் வேண்டும். நாம் குடிக்கும் வீட்டு ஆர்.ஓ இயந்திரங்கள் பலவற்றில் ருசிக்காக மினரல் திரும்பக் கலக்கும். அது தொட்டிக்கு ஆகாது. செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் பக்கத்தில் வரக் கூடாது. செம்பு துளி கரைந்தாலும் இறால், நத்தை, பவளத்துக்கெல்லாம் விஷம்.

ஜன்னலைத் திறந்தால் பி.ஹெச் ஏறும்!

தொட்டி நீரின் பி.ஹெச் 7.8-லிருந்து 8.4-க்குள் இருக்கலாம். பகலில் பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் ஏறும். ராத்திரி விளக்கு அணைந்ததும் இறங்கும். விடிகாலையில்தான் மிகக் குறைவாக இருக்கும்.

அக்கா வீட்டில் ஒரு தீபாவளிக்கு முப்பது பேர் வந்திருக்கிறார்கள். ஏ.சி போட்டு ஜன்னலெல்லாம் மூடியாயிற்று. எல்லோரும் விட்ட மூச்சில் அறையில் கரியமில வாயு கூடி, அது தண்ணீரில் கரைந்து, பி.ஹெச் சரசரவென்று இறங்கிவிட்டது. இவன் மருந்தைத் தேடி ஓடவில்லை. ஜன்னலைத் திறந்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

இன்னொரு கருவியும் எனக்குப் பிடித்துப்போனது. அதன் பெயர் புரோட்டீன் ஸ்கிம்மர். பருப்பு வேகும்போது நுரையை வழித்து எடுப்போமே, அதே வேலைதான். பொடிக் குமிழ்களை விட்டு, அழுக்கு ஒட்டிய நுரையை மேலே தள்ளி, தனிக் கோப்பையில் சேர்க்கும்.

சென்னைக்கு வந்தேன்... ஆசையும் வந்தது

திரும்பி வந்ததும் வண்ண மீன்களுக்குப் பேர்போன கொளத்தூர் பக்கம் போய்விட்டு, வழியில் இன்னொரு சின்னக் கடையிலும் ஏறினேன். கடல் தொட்டி வைக்க ஆசை என்றதும் கடைக்காரர் உள்ளே போய், பேப்பர் சுற்றிய ஒரு ஐஸ் பெட்டியைக் கொண்டு வந்தார். ஈரக் கவருக்குள் உள்ளங்கை அளவு பவளம். உயிரோடு இருந்தது.

"ராமேஸ்வரம் பக்கத்துச் சரக்கு மேடம். வெளியில சொல்லாதீங்க, விலை போட்டுத் தரேன்."

அழகாகத்தான் இருந்தது. கை நீண்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், வெளியில் சொல்லக் கூடாத பொருள் எதற்கு வீட்டுக்கு?

நம் நாட்டில் பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாமே, 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001-ல் சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. கடல் குதிரை, கடல் விசிறி, கறுப்புப் பவளம் எல்லாமே பாதுகாக்கப்பட்டவைதான். மீறினால் 3 முதல் 7 வருடம் வரை சிறை. சிங்கப்பூரில் அக்கா மகன் வைத்திருப்பவை, பண்ணையில் துண்டு வைத்து வளர்த்து அனுமதியோடு விற்றவை. இங்கே என் முன்னால் இருந்தது கடலிலிருந்து உடைத்தது.

சட்டம் மட்டும் காரணமில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உண்டு. 1986-ல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் பல வருடங்கள் அங்கே பவளத்தை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்காக எரித்திருக்கிறார்கள். அலையைத் தடுத்த பாறை போனதால் அரிப்பு கூடி, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. பவளத்துக்குச் சுண்ணாம்பு கொடுக்க அங்கே ஒருவன் ராத்திரி தூங்காமல் சொட்டு எண்ணுகிறான். இங்கே சுண்ணாம்புக்காகப் பவளத்தையே எரித்திருக்கிறோம்.

இன்னொன்றும் தோன்றியது. அந்தத் துண்டை வாங்கிப் போனால், தயாராகாத என் தொட்டியில் அது ஒரு வாரம் தாங்குமா? தாங்காது. பவளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சட்டப்படி ஒரு குட்டிக் கடல்

ஆசையை விட்டுவிடவில்லை. 150 லிட்டர் தொட்டி, செராமிக் பாறை, பாக்கெட் கடல் உப்பு வாங்கினேன். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. முதல் ஆறு வாரம் மீனே விடவில்லை. மீன் கழிவில் வரும் அம்மோனியா விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இந்த பாக்டீரியா குடும்பம் பாறையில் குடியேற அத்தனை நாள் ஆகும். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் பலர் மீனைப் பறிகொடுப்பது இந்த அவசரத்தில்தான்.

பிறகு ஒரு ஜோடி கோமாளி மீன். கடலில் பிடித்தவை அல்ல, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தவை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் இந்த மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது. வாங்கும்போது பண்ணை மீனா என்று கேட்டு வாங்குங்கள்.

சென்னை மே மாதம்தான் பெரிய பரீட்சை. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் அதில் ஆக்சிஜன் குறையும். நீர்மட்டத்தின் மேல் சின்ன ஃபேன் வைத்தேன். மண்பானை குளிர்வது மாதிரி, ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துப் போகும். தண்ணீரை ஓடவிடும் மோட்டாரை இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டேன். கரன்ட் போனால் விளக்கு இல்லாமல் மீன் இருக்கும், காற்று இல்லாமல் இருக்காது.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

• வெப்பநிலை: 25 - 27 டிகிரி
• உப்பு: 1,000-க்கு 35 பங்கு
• பி.ஹெச்: 7.8 - 8.4
• காரத்தன்மை: 7 - 10 டி.கே.ஹெச்
• கால்சியம்: 400 - 450
• மெக்னீசியம்: 1,250 - 1,350
• அம்மோனியா, நைட்ரைட்: பூஜ்யம்
• வாரம் ஒருமுறை 10 சதவிகிதத் தண்ணீர் மாற்றம்
• எதையும் ஒரே நாளில் சரிசெய்யாதீர்கள்

பவளம் இல்லாத தொட்டியில் காரத்தன்மை ஏன் பார்க்க வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். எட்டு மாதம் எனக்கும் பதில் தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் 8 என்றே காட்டியது. போன மாதம் ஒரு ஞாயிறு, ஏழரை! இரண்டு தடவை சோதித்தேன். அதேதான்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். செராமிக் பாறையின் ஓரத்தில், மிளகு அளவில் நாலைந்து ஊதாப் புள்ளிகள். நத்தை ஓட்டில் ஒட்டிக்கொண்டு வந்த சுண்ணாம்புப் பாசி, பாறையில் இறங்கி வீடு கட்ட ஆரம்பித்திருந்தது.

போட்டோ எடுத்து சிங்கப்பூருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சூப்பர் சித்தி! சோடா உப்பு போடணும். ஆனா, மெதுவா..."