கிணற்று நீரில் நைட்ரேட்: கோழி எருவா, உரமா, கழிவறைக் குழியா?

"கிணற்றுத் தண்ணீர்தானே, கொதிக்க வைத்து ஆற்றினால் போதும்" என்று கைக்குழந்தைக்குப் பவுடர் பால் கரைக்கும் வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். கிருமிகளுக்கு அது சரியான வழி. நைட்ரேட்டுக்கு நேர்மாறு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும். நைட்ரேட்டோ உப்பைப் போல அடியில் தங்கி அடர்த்தி கூடும்.

1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் ஹண்டர் காம்லி, பண்ணைக் கிணற்று நீரில் கரைத்த பாலைக் குடித்த குழந்தைகள் உடல் நீலம் பாரித்து வந்ததைப் பதிவு செய்தார். நைட்ரேட் உடலில் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். சில ஆய்வகங்கள் இதையே 'நைட்ரேட் நைட்ரஜன்' என்று எழுதும். அப்போது எல்லை ஏறத்தாழ 10. சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் நிம்மதி அடையக் கூடாது.

உளூவுக்கு ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும். நைட்ரேட் தண்ணீரின் நிறத்தையோ சுவையையோ மணத்தையோ மாற்றுவதில்லை. ஆனால் அதனாலேயே நாக்கும் மூக்கும் அதைக் கண்டுபிடிக்காது. சுத்தமான தண்ணீர் என்பதும் கைக்குழந்தைக்கு ஏற்ற தண்ணீர் என்பதும் ஒன்றல்ல.

சரி, இது எங்கிருந்து வருகிறது? நயினார்கோவில் வட்டாரத்தில் மிளகாய், பருத்தி, நெல் விளைகின்றன; தோப்பு வைத்திருப்பவர்களும் உண்டு. கோழி எருவை 'இயற்கை உரம்தானே' என்று கணக்கில் சேர்க்காமல், யூரியாவையும் வழக்கம்போல் போடுவது நம் விவசாயிகளிடம் உள்ள பழக்கம். காய்ந்த கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம்; மாட்டுத் தொழு உரத்தில் அரை சதவீதம்தான். ஒரு டன் கோழி எருவில் ஏறத்தாழ ஒன்றரை மூட்டை யூரியாவின் தழைச்சத்து இருக்கிறது. அதில் பயிரும் மரமும் எடுத்தது போக மிஞ்சுவது நைட்ரேட்டாக மாறும். மண்ணின் களித்துகளும் நைட்ரேட்டும் ஒரே மின்தன்மை கொண்டவை என்பதால் ஒட்டாது. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஐப்பசி மழை அந்த வெடிப்பு வழியே அதைக் கீழே இறக்கிவிடும்.

மண்ணைச் சோதித்துப் பார்க்கலாமே என்றால், வழக்கமான மண் பரிசோதனையில் வரும் 'கிடைக்கும் தழைச்சத்து' எண் நைட்ரேட்டைச் சொல்லாது. நைட்ரேட்டைத் தனியாகக் கேட்க வேண்டும். மரத்தூர், இரு வரிசைகளுக்கு நடு, எருக் குவியலின் ஓரம், எதுவும் போடாத தரிசு ஆகிய இடங்களில், 30, 60, 90 சென்டிமீட்டர் ஆழங்களில் மண் எடுக்க வேண்டும். தரிசில் குறைவாகவும் குவியலின் ஓரத்தில் ஆழத்திலும் அதிகமாகவும் இருந்தால் சந்தேகம் எங்கே போகும் என்பது தெரிந்ததே. ஈரமண்ணைப் பாலிதீன் பையில் கட்டி வெயிலில் வைத்தால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து எண்ணே மாறிவிடும். உடனே குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் 1980களிலேயே கிணறுகளில் நைட்ரேட் மிகுந்திருந்தது பதிவாகியுள்ளது. சுண்ணாம்புப் பாறை நிலம். மேலே வெங்காயம், மிளகாய், புகையிலைக்குத் தாராளமாக உரம், பக்கத்திலேயே கழிவறைக் குழி. இதில் எது எவ்வளவு என்று பிரிக்க நைட்ரஜன் ஐசோடோப்பு அளவு உதவும்: ரசாயன உரத்தில் அது பூஜ்யத்தை ஒட்டியும் எருவில் பொதுவாகப் பத்துக்கு மேலும் இருக்கும். ஆனால் மனிதக் கழிவும் கோழி எருவும் இதில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. குளோரைடைத் துணைக்கு அழைக்கலாம் என்றால், நம் கடலோரத்தில் அதுவும் குழப்பும். ஆக, குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தைக் கால்நடையாக அளப்பதுதான் முதல் சோதனை.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கவலை இல்லை. பவுடர் பால் தவிர்க்க முடியாத வீட்டில், காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் குழந்தைக்கென ஒரு குடம் ஒதுக்கி வைக்கலாம். கிணற்று நீரைச் சித்திரையில் ஒரு முறை, மழை ஓய்ந்த மார்கழியில் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். மழைக்குப் பின் எண் ஏறினால் நிலத்து உரமும் எருவும் இறங்கியிருக்கலாம். இரண்டு முறையும் ஒரே அளவில் அதிகமாக இருந்தால் பெரும்பாலும் பக்கத்துக் குழியைத்தான் பார்க்க வேண்டும்.